பாலம் இல்லாத வசந்தத்தில் அப்பாவின் படகு

அமெரிக்காவில் கூண்டு வண்டியில் உட்கார்ந்து ஆற்றைக் கடந்திருக்கிறேன் என்று சொன்னால் நம் சனிக்கிழமைக் கூட்டத்தில் எல்லோரும் சிரிப்பீர்கள். பிளானோவில் யார் வீட்டிலாவது கூடி, தட்டில் இட்லியோடு சோபாவில் சாய்ந்துகொண்டு, யார் எப்போது வந்தோம், வந்திறங்கிய அன்று எப்படிக் குளிரடித்தது என்று பேசுவோமே, அப்போதெல்லாம் நான் வாயைத் திறந்ததில்லை. ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது என்று எனக்குத் தெரியும். இப்போது முழங்கால் ஆபரேஷன் முடிந்து காலை நீட்டிக்கொண்டு கிடக்கிறேன். பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்த என் வயதுக்காரர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா நர்ஸ். கோயம்புத்தூரில் வேலை பார்த்தவள், உங்களில் சிலருடைய அம்மாக்களைப் போல முதலில் தனியாகத்தான் வந்தாள். டெக்ஸாஸில் ஹூஸ்டனுக்கும் டல்லாஸுக்கும் நடுவே ஒரு ஆற்றங்கரைச் சிற்றூர். பெயர் வேண்டாம். அந்த மனிதர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். இரண்டு வருஷம் கழித்து அப்பாவும் நானும் வந்து சேர்ந்தோம்.

ஊர் ஆற்றின் இரண்டு பக்கமும் இருந்தது. எங்கள் வாடகை வீடு, என் பள்ளிக்கூடம், தீவனக் கடை எல்லாம் இக்கரையில். ஆஸ்பத்திரியும் மருந்துக் கடையும் அக்கரையில். நடுவில் ஒரு பழைய இரும்புப் பாலம். அம்மா தினமும் பழுப்பு நிற ஸ்டேஷன் வேகனை ஓட்டிக்கொண்டு அந்தப் பாலத்தில் போய் வருவாள். பலகைகள் தடதடவென்று அதிர்வது எங்கள் சமையலறை வரை கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்தே அப்பா அடுப்பில் ரசத்தை வைப்பார்.

ஆமாம், சமையல் அப்பாதான். ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவர். இங்கே அவருடைய விசாவில் வேலை செய்யக் கூடாது. காரும் ஓட்டத் தெரியாது. காலையில் எனக்குத் தலை பின்னிவிட்டு, பள்ளிக்கூடம் வரை நடந்து வந்து விட்டுவிட்டு, மறுபடி வீட்டுக்குப் போய் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பார். ஊரில் பகல் நேரத்தில் தெருவில் நடக்கும் ஆண் அவர் ஒருவர்தான். கார்கள் வேகத்தைக் குறைத்து அவரைப் பார்த்துவிட்டுப் போகும்.

பிப்ரவரியில் ஒரு சாயங்காலம், நான் தூங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு அவர்கள் பேசியது காதில் விழுந்தது.

"ஸ்கூல் லீவு உட்டதும் ஜூன்ல நானும் புள்ளையும் ஊருக்குப் போயிர்றோம். காலேஜ்ல எடத்த இன்னும் வெச்சிருக்காங்க" என்றார் அப்பா.

அம்மா, "போங்க" என்றாள். அவ்வளவுதான்.

கோபத்தில் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

அந்த வசந்தத்தில் ஊருக்குப் பிறந்தநாள் வந்தது. ஊர் தோன்றி நூற்றைம்பது வருஷமாகிறது என்று விழா. பாலம் கட்டுவதற்கு முன்னால், மேற்கே போகும் குடும்பங்கள் கூண்டு வண்டிகளில் வந்து இந்த இடத்தில்தான் படகேறி ஆற்றைக் கடந்தார்களாம். அதைப் போலவே ஒரு தட்டைப் படகு செய்து, ஒரு கூண்டு வண்டியை ஏற்றி, ஊரார் பார்க்க அக்கரைக்குக் கொண்டுபோவது என்று கமிட்டி முடிவு செய்தது.

எங்கள் டீச்சருக்கு அந்தக் கதைகள் என்றால் உயிர். தண்ணீர் ஏறியிருந்தால் வண்டிகள் கரையோரம் வரிசை கட்டி நிற்குமாம். வடியும் வரை அங்கேயே சமைத்து, துவைத்து, பிள்ளை பெற்று, செத்தவர்களைப் புதைத்துவிட்டு ஏறிப் போவார்களாம். படகு இல்லாத துறையில் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, வண்டிப் பெட்டியின் இடுக்குகளில் தார் அடைத்து, அதையே படகாக மிதக்க விடுவார்களாம். மாடுகளும் கோவேறு கழுதைகளும் பின்னால் நீந்தி வருமாம். படகில் ஏறும் வண்டிக்குச் சக்கரங்களைச் சங்கிலியால் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் நடு ஆற்றில் வண்டி உருண்டு, படகே கவிழ்ந்துவிடும். நான் இதையெல்லாம் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஒப்பிப்பேன். முதலில் வெறுமனே 'உம்' கொட்டினார். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"படகை யாரு தள்றது, கண்ணு? துடுப்பா?"

"நோ, அப்பா. தி ரிவர் டஸ் இட்."

"ஆறா? ஆறு கீழ்ப்பக்கமாத்தானே தள்ளும்?"

அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. மறுநாள் என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அவர் நேராக ஆற்றங்கரைக்குப் போய்விட்டார்.

அங்கே படகு கட்டிக்கொண்டிருந்தவர்களுக்குத் தலைவர், தீவனக் கடைக்காரர். ஆறடிக்கு மேல் உயரம். மேலெல்லாம் ஓட்ஸும் வெல்லப்பாகும் கலந்த வாசனை வீசும். அவருடைய கடைக்குள் நுழைந்தாலே எனக்குப் பசிக்கும். அப்பா மூன்று நாலு நாள் மரத்தடியில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார். ஒருநாள் தீவனக் கடைக்காரர் திரும்பி, ஒரு கயிற்று நுனியைக் காட்டி, "இதைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டார். அப்பா பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் போனார். அவரை எல்லோரும் 'புரொஃபசர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

சாயங்காலம் அவர்மேல் தார் நாற்றம் அடிக்கும். பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியை உளியால் திணித்து, மேலே கொதிக்கும் தாரை ஊற்ற வேண்டும். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் நக இடுக்கில் கறுப்பு போகாது. அந்தக் கையோடு சப்பாத்தி மாவு பிசைந்தார் என்று அம்மா ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டாள்.

"ஏனுங்க, இதுக்குத்தானா இவ்வளவு தூரம் வந்தீங்க? எம்.எஸ்ஸி. படிச்சுட்டு கூலி இல்லாம தார் பூசறீங்க. புரொஃபசர்னு கூப்பிடறாங்கன்னா மரியாதைன்னு நெனச்சீங்களா? கேலி பண்றாங்க."

"கேலியாவே இருக்கட்டும். ஒருத்தன் பேரு வெச்சுக் கூப்பிடறான்ல."

அம்மா எழுந்து போய்விட்டாள். அவள் வார்டில் அந்த ஊர்க்காரர்களுக்கு மருந்து கொடுக்கும்போது, 'உன் வீட்டுக்காரர் என்னதான் செய்கிறார்?' என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஆனால் அவள் சிரித்த ஒரு நாளும் உண்டு. படகை ஆறு எப்படிக் குறுக்கே தள்ளுகிறது என்பதை எனக்குக் காட்டுவதற்காக, அப்பா குளியல் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு, ஒரு துணிக்கொடிக் கயிற்றைக் குறுக்கே கட்டினார். அம்மாவின் டிபன் டப்பா மூடிதான் படகு. முன்பக்கம் ஒரு நூல், பின்பக்கம் ஒரு நூல், இரண்டும் குறுக்குக் கயிற்றில் வழுக்கும் வளையத்தில். "முன் நூலைச் சுருக்கு. பின் நூலை நீட்டு. இப்ப படகு சாய்ஞ்சு நிக்குதா? தண்ணி அதோட விலாவுல மோதும். நேரா இழுத்துட்டுப் போகப் பாக்கும், கயிறு உடாது. அப்ப என்ன பண்ணும்? குறுக்கதான் போகணும்." மூடி மெதுவாகத் தொட்டியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்ந்தது. நான் கத்தியே விட்டேன். நாங்கள் அதைத் திருப்பித் திருப்பிச் செய்ததில் தொட்டி வழிந்து, ஹால் கார்ப்பெட் வரை தண்ணீர் போய்விட்டது. டியூட்டி முடிந்து வந்த அம்மா, ஈரத்தில் வெள்ளை ஷூவோடு வாசலில் நின்று எங்களைப் பார்த்தாள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூடியைக் கையில் பிடித்தபடி, "அக்கரைக்கு வரீங்களா, சிஸ்டர்?" என்று கேட்டார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். அது வெறும் சிரிப்புதானா என்று இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

விழா நாளும் வந்தது. ஆற்றின் இரு கரையிலும் உயரமான பெக்கான் மரங்களில் இரும்பு வடம் இழுத்துக் கட்டியிருந்தார்கள். வடத்தில் இரண்டு கப்பிகள். கப்பிகளிலிருந்து இறங்கும் கயிறுகள் படகின் முன்னும் பின்னும் நட்ட கட்டைகளில் சுற்றியிருந்தன. கூண்டு வண்டியை ஏற்றிச் சக்கரங்களைச் சங்கிலியால் பிணைத்தாயிற்று. கோவேறு கழுதைகள் மட்டும் பலகையில் கால் வைக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தன. கடைசியில் அவற்றைப் பாலத்தின் வழியாக நடத்திக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். வண்டிக்குள் நாங்கள் ஆறு பிள்ளைகள். என் தலையில் டீச்சர் தைத்த துணித் தொப்பி. தாடையில் கட்டிய நாடா அரித்தது. அம்மா நீலப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கரையில் நின்றிருந்தாள். அந்த ஊரே திரும்பிப் பார்க்கும் நீலம்.

அப்பா முன் கயிற்றுக்குப் பக்கத்தில், யாரோ கொடுத்த வைக்கோல் தொப்பியோடு நின்றார். தீவனக் கடைக்காரர் அவரிடம் வந்தார். தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னார். அப்பா தொப்பியைக் கழற்றினார். பலகை வழியாக நடந்து கரைக்குப் போனார்.

எதையோ எடுத்து வரப் போகிறார் என்று நினைத்தேன். படகு கிளம்பிவிட்டது.

கமிட்டிக்குப் பழைய படம் ஒன்று இருந்ததாம். அதில் இருப்பதைப் போலவே போட்டோவில் எல்லாம் இருக்க வேண்டுமாம். படத்தில் அப்பா மாதிரி யாரும் இல்லை. என்னையும் இறக்கியிருப்பார்கள், வண்டிக் கூண்டுக்குள் தொப்பியோடு இருந்ததால் தெரியவில்லை போலிருக்கிறது. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது எனக்கு ஒரே குதூகலம். தண்ணீர் பழுப்பாகச் சுழித்து ஓடியது. பேண்டு வாசித்தார்கள். கயிற்றைப் பிடிக்கப் புதிதாக வந்தவர்களுக்குச் சரியாகச் சுருக்கத் தெரியாமல் படகு பாதியில் தயங்கித் தயங்கித்தான் போனது. நான் கூண்டின் பின்பக்கத் துணியை விலக்கிக் கரையைப் பார்த்தேன். அம்மா அப்பாவுக்கு ஒரு டம்ளரில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளி, தீவனக் கடைக்காரரும் தனியாக, இன்னும் பாலத்துக்குக் கிளம்பாத கழுதைகளின் பக்கத்தில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் ஏன் படகில் இல்லை என்று ஒரு நொடி யோசித்தேன். அதற்குள் அக்கரை வந்துவிட்டது. அங்கே ஐஸ்கிரீம் இருந்தது.

அப்பா மறுநாளிலிருந்து ஆற்றங்கரைக்குப் போகவில்லை. படகை டிராக்டரால் இழுத்து மேட்டு வயலில் போட்டுவிட்டார்கள்.

அடுத்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. அந்த மாதிரி மழையை டெக்ஸாஸில் நானும் பிறகு சில தடவைதான் பார்த்திருக்கிறேன். மேலே எங்கோ பெய்த தண்ணீரும் சேர்ந்து வந்தது. வேலிக் கம்பங்கள், கோழிக்கூண்டுகள், வேரோடு பிடுங்கிய மரங்கள் எல்லாம் மிதந்து போயின. ஒரு மதியம், அம்மா டியூட்டியில் இருந்தபோது, பெரிய மரம் ஒன்று பாலத்தின் தூணில் மோதித் தூண் சாய்ந்துவிட்டது. பாலத்தை மூடிவிட்டார்கள். அடுத்த பாலத்துக்குப் போகும் சாலைகளும் தண்ணீருக்குள். அம்மா அக்கரையில். நாங்கள் இக்கரையில்.

போன் மட்டும் வேலை செய்தது. தினமும் சாயங்காலம் வார்டிலிருந்து கூப்பிடுவாள். நர்ஸுகளின் ரூமில் படுத்துக்கொள்வதாகவும், போட்ட யூனிஃபார்மையே துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொள்வதாகவும் சொன்னாள். என்னிடம் பேசும்போது குரல் நன்றாக இருக்கும். போனை அப்பாவிடம் கொடுத்ததும் இரண்டு பக்கமும் பேச்சு நின்றுவிடும். அப்பா ரிசீவரைக் காதில் வைத்தபடி சும்மா நிற்பார்.

தண்ணீர் கொஞ்சம் இறங்கியதும் ஒரு காலையில் தீவனக் கடைக்காரர் எங்கள் கதவைத் தட்டினார். முழங்கால் வரை சேறு. உள்ளே வரச் சொன்னபோதும் வாசலிலேயே நின்றார்.

"இக்கரையில் இன்சுலின் தீர்ந்துகொண்டு வருகிறது. பள்ளிக்கூடத்திலேயே இரண்டு குழந்தைகளுக்கு வேண்டும். ஹெலிகாப்டர்களெல்லாம் கூரைமேல் ஏறி நிற்பவர்களை இறக்கப் போயிருக்கின்றன" என்றார். "வடம் அப்படியே இருக்கிறது. படகை இறக்கப் போகிறேன். எனக்கு முன் கயிற்றில் ஒரு ஆள் வேண்டும். கேட்க எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்."

அப்பா உள்ளே வந்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். அம்மாவைக் கூப்பிடச் சொன்னார். விஷயத்தைச் சொன்னதும் அம்மா போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"நீங்க அந்தப் படகுல ஏறக் கூடாது. அன்னைக்கு அத்தன பேரு முன்னால எறக்கி உட்டாங்கல்ல? இப்ப மட்டும் நீங்க வேணுமா?"

அப்பா பொறுமையாகக் கேட்டார். பிறகு, "உனக்கு மாத்துத் துணி வேணுமில்ல. கொண்டாறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ஒரு பையில் அம்மாவின் யூனிஃபார்ம் இரண்டு, உள்ளாடைகள், சீப்பு, தேங்காய் எண்ணெய் பாட்டில். இன்னொரு டப்பாவில் எலுமிச்சைச் சாதம். என்னை டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு, ஷெரிஃப் கொடுத்த ஆரஞ்சு மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு படகில் ஏறினார். அவர்கள் இரண்டு பேர்தான் போனார்கள். அந்த ஆற்றைப் பார்த்துவிட்டு வேறு யாரும் முன்வரவில்லை.

பாதி ஆறு வரை நன்றாகத்தான் போயிற்று. அப்போது மேலிருந்து ஒரு மரம் வந்தது. இலைகள் இன்னும் பச்சையாக இருந்தன. அது படகின் மேல்பக்க விளிம்பில் வந்து சிக்கி, அப்படியே அழுத்த ஆரம்பித்தது. படகு அந்தப் பக்கமாகச் சாய்ந்து, பலகை மேல் தண்ணீர் ஏறியது. இரும்பு வடம் வில் மாதிரி வளைந்து 'ஊம்' என்று முனகியது. டீச்சர் என் தோளை இறுக்கிப் பிடித்தார். தீவனக் கடைக்காரர் கோடரியை எடுத்துவிட்டார். கயிறுகளை வெட்டிவிட்டால் படகு மரத்தோடு சேர்ந்து கீழே போய்விடும். எங்கேயாவது கரை ஒதுங்கலாம், ஒதுங்காமலும் போகலாம்.

அப்பா கையை வீசி 'வேண்டாம்' என்று காட்டினார். முன் கயிற்றை விட்டுவிட்டுப் பின்கட்டைக்கு ஓடினார். அந்தக் கயிற்றின் சுற்றை அவிழ்த்து, கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி விட்டார். ஓடும் கயிற்றை வெறுங்கையால் பிடித்துப் பிடித்து விட்டார். படகின் பின்பக்கம் தண்ணீரோடு இறங்கியது. சாய்ந்து கிடந்த படகு மெதுவாகத் திரும்பி, மூக்கை நேராக நீரோட்டத்துக்கு எதிரே நீட்டி நின்றது. மரம் பிடி தளர்ந்து, படகின் விலாவை உரசிக்கொண்டே நழுவி, கீழே போய்விட்டது. யாரோ கைதட்டினார்கள். மற்றவர்களுக்கு அதற்குக்கூடத் தெம்பு இல்லை.

அக்கரையில் வெள்ளை உடுப்பில் ஒரு சின்ன உருவம் சேற்றில் வழுக்கி வழுக்கி ஓடி வந்தது. என்ன பேசினார்கள் என்பது ஆற்றின் இரைச்சலில் கேட்கவில்லை. அவள் அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தது மட்டும் தெரிந்தது. பிறகு அங்கேயே, சேற்றிலேயே உட்கார்ந்து கட்டுப் போட ஆரம்பித்தாள்.

அம்மாவை அழைத்துக்கொண்டு, மருந்துப் பெட்டிகளோடு மதியத்துக்குள் திரும்பிவிட்டார்கள்.

புதுத் தூண் போட்டுப் பாலத்தைச் சரிசெய்யும் வரை அந்தப் படகு ஓடியது. கட்டுப் போட்ட கையோடு அப்பா தினமும் விடிந்ததும் துறைக்குப் போய்விடுவார். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் போய் உட்கார்ந்துகொள்வேன். நர்ஸுகள் போனார்கள், பால் கேன்கள் போயின, ஒரு கன்றுக்குட்டி போயிற்று. ஒருநாள் ஒரு சவப்பெட்டி போனது. அப்பா தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, வழக்கத்தைவிட மெதுவாகக் கொண்டுபோனார். இறந்தவரின் மகன் இறங்கியதும் திரும்பி வந்து அப்பாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனான். இப்போது யோசித்தால், அந்தக் காலத்து வண்டிக்காரர்களும் இதையெல்லாம்தானே ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள்.

விழாக் கமிட்டியின் தலைவி ஒருநாள் வந்தார். நல்ல ஷூ, கையில் பூப் போட்ட பை. கணவருக்கு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். "நான் எங்கே நிற்க வேண்டும்?" என்று கேட்டார். "நடுவில் நில்லுங்கள், மேடம்" என்றார் அப்பா. படகு அசைந்ததும் அவர் பயந்துபோய் அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அக்கரை வரை விடவில்லை. மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் திரும்பும்போது கணவர் பிழைத்துவிட்டார் என்ற செய்தியை முதலில் அப்பாவிடம்தான் சொன்னார், சொல்லிவிட்டு அழுதார். அப்பா தன் துண்டைக் கொடுத்தார்.

தீவனக் கடைக்காரரும் அப்பாவும் நாள் முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்தாலும் கயிற்றைப் பற்றித்தான் பேசிக்கொள்வார்கள். ஒரு சனிக்கிழமை மதியம் பெக்கான் மர நிழலில் நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தீவனக் கடைக்காரருக்கு எலுமிச்சைச் சாதம் பிடித்துப்போயிருந்தது. கடலையைத் தேடித் தேடி எடுத்துத் தின்பார். அப்போது அப்பா கேட்டார்.

"அன்றைக்கு ஏன் என்னை இறங்கச் சொன்னீர்கள்?"

அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். "கமிட்டி சொன்னது. நான் வந்து சொன்னேன். அவர்களே வந்து உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும் என்று விட்டிருக்க வேண்டும். அதைச் செய்யவில்லை."

அதோடு நிறுத்திவிட்டார். எனக்கு அது சரியாகப் படவில்லை. "பட் யூ வேரன்ட் ஆன் தி போட் ஐதர்" என்றேன். "ஐ ஸா யூ. யூ வேர் வித் தி மியூல்ஸ்."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். தீவனக் கடைக்காரரின் கழுத்து சிவந்துவிட்டது. "கழுதைகளை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே" என்றார்.

அத்தனை நாளும் அப்பா அவரைத் தன்னை அவமானப்படுத்தியவர் என்று நினைத்துக்கொண்டேதான் பக்கத்தில் நின்று கயிறு இழுத்திருக்கிறார். தானும் படகில் ஏறாமல் நின்றுவிட்டதைப் பற்றி அவரும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. அப்பா டப்பாவில் மிச்சமிருந்த சாதம் முழுவதையும் அவர் தட்டில் கொட்டினார். அன்றிலிருந்து மதியச் சாப்பாடு இரண்டு டப்பாவாகிவிட்டது.

மே மாதக் கடைசியில் பாலம் தயாராகிவிட்டது. திறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் தீவனக் கடைக்காரர், "உங்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு தடவை போய்விட்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று அம்மாவுக்கு ஆஃப். நாங்கள் மூன்று பேர் மட்டும் கிளம்பினோம். நடு ஆற்றில் அப்பா பின் கயிற்றை நீட்டிப் படகை நேராக நிறுத்தினார். தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்து போய்க்கொண்டிருந்தது.

"ஏனுங்க, இங்கயே நிறுத்திட்டீங்க?"

"சும்மாதான். நாளைக்கு எனக்கு வேலை இல்லியே."

அம்மா ஒரு பால் கேன் மேல் உட்கார்ந்திருந்தாள். தண்ணீரையே பார்த்துக்கொண்டு பேசினாள். "நான் அன்னைக்குப் போங்கன்னு சொன்னது கோவத்துல இல்லீங்க. இருங்கன்னு கேக்க வாய் வரல. உங்க வேலைய உட்டுட்டு வர வெச்சவ நானு. இன்னும் என்னன்னு கேக்கறது? ரெண்டு வருசம் தனியா இருந்தேன். அந்தப் பாலத்துல வர்றப்ப எல்லாம், வீட்டுல லைட் எரியாதேன்னுதான் நெனப்பு. இப்ப எரியுது. நீங்க போயிட்டீங்கன்னா மறுபடியும் அந்த வீட்டுக்குள்ள நான் எப்பிடிப் போறது?"

அப்பா கயிற்றைக் கட்டையில் இன்னொரு சுற்றுச் சுற்றினார். சுற்ற வேண்டிய அவசியம் இல்லை. பிறகு, "எனக்குக் கார் ஓட்டக் கத்துக்குடு" என்றார்.

"இப்பவா?"

"இப்ப எப்பிடி? ஆத்துல நிக்கறோம்."

அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். நான் அவளுடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வருஷம் கிரீன் கார்டு வந்தது. அப்பா திரும்பவும் படித்து, உயர்நிலைப் பள்ளியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்து, ரிட்டையரும் ஆனார். நாங்கள் உங்கள் பக்கமாக ஆலனுக்கு வீடு மாறி வந்தது அதற்கெல்லாம் பிறகு. உங்களில் சிலருடைய பிள்ளைகள்கூட அவரிடம் டியூஷன் படித்திருக்கிறார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த ஜூன் மாதம். பள்ளிக்கூடம் மூடிய முதல் சனிக்கிழமை. தீவனக் கடையின் பின்பக்க முற்றத்தில் ஸ்டேஷன் வேகன். ஸ்டியரிங்கில் அப்பா, பக்கத்தில் அம்மா, பின்சீட்டில் நான். "பிரேக்கு! பிரேக்குங்க! அது பிரேக் இல்ல!" என்று அம்மா கத்துகிறாள். கார் பின்பக்கமாகப் பாய்ந்து வைக்கோல் கட்டுகளின் மேல் ஏறி நிற்கிறது. தீவனக் கடைக்காரர் தொப்பி கீழே விழ ஓடி வந்து கோவேறு கழுதைகளை அவிழ்த்துத் தூரமாக இழுத்துக்கொண்டு போகிறார். அப்பா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ஸாரி! ஒன் மோர் டைம்!" என்கிறார்.

"மெதுவா எடுங்க" என்கிறாள் அம்மா. "நமக்கென்ன அவசரம்?"